திரையைப் பார்க்காத குற்றம்

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். சட்டம் படிக்கிறாள் என்பதால் வைத்த பெயர் இல்லை. அவள் படிக்கச் சேர்வதற்குப் பல வருடம் முன்பே வைத்தது. தொலைபேசியில் ஒரு ஆள் மூன்று வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அவன் எப்படிப்பட்டவன், சொல்வதில் எவ்வளவு பொய் என்று தீர்ப்பு எழுதிவிடுவாள். குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று அழுகிறவரிடம், "நீங்க மோட்டார் போட்டு இழுத்ததுல பக்கத்து வீட்டுக்காரருக்கும் வரலையாம், அதையும் சேத்து எழுதிக்கவா சார்?" என்பாள். அவர் அவசரமாகப் போனை வைத்துவிடுவார்.

கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை போனவள். குரலை வைத்துத்தான் மனிதர்களை எடை போட்டாள். பெரும்பாலானவர்கள் எடை குறைவாகவே இருந்தார்கள்.

நாற்பது வயது தாண்டி, வீட்டிலிருந்தே இணைய வழியில் சட்டப் படிப்பு என்று ஒரு பல்கலைக்கழகம் அறிவித்ததும் சேர்ந்தாள். 'அனைவருக்கும் திறந்த கதவு' என்று விளம்பரத்தில் ஒரு பெண் குழைந்து குழைந்து சொன்னாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போனால் படிக்கட்டைக் காணோம். பாடநூல் என்று வந்தவை பக்கங்களைப் போட்டோ பிடித்த படங்கள். அவளுடைய கணினி எழுத்தை வாய்விட்டுப் படிக்கும். படத்தைக் கண்டால் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பேராசிரியர்கள் திரையில் கோலால் சுட்டி, "இதுலேருந்து இது வருது, இது இதோட சேந்தா இப்படி ஆகும், பாத்தீங்களா?" என்று பாடம் நடத்தினார்கள். எது எதோடு சேர்ந்து எப்படி ஆயிற்று என்று கேட்டு அவள் எழுதிய மின்னஞ்சல்களுக்கு, 'தங்கள் ஆர்வத்திற்கு நன்றி' என்று பதில் வந்தது.

அவள் கணவர் ஒரு பேக்கரியின் வேனை ஓட்டுகிறவர். விடியும் முன்னே போய் மதியம் வீடு திரும்புவார். சாப்பிட்டுவிட்டு அந்தப் படங்களை அவளுக்குப் படித்துக் காட்டுவது அவர் வேலையாயிற்று. ஒப்பந்தச் சட்டம் முழுவதையும் அவர் கொட்டாவிக்கு நடுவேதான் அவள் கற்றாள்.

அவள் மதித்த குரல் ஒன்றே ஒன்று. நிர்வாகச் சட்டம் நடத்திய பேராசிரியையின் குரல். சுட்டிக் காட்டாமல் வார்த்தையால் விளக்குகிற ஒரே ஆள். ஒருவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தராமல் முடிவெடுத்தால் அந்த முடிவு செல்லாது என்று அவர் நடத்திய வகுப்பை அவள் பாத்திரம் கழுவும்போதெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

முதல் பருவத் தேர்வு வீட்டிலிருந்தே. கேமரா போட்டிருக்க வேண்டும், காதில் எதுவும் மாட்டக் கூடாது, ஒரு மென்பொருள் கண்காணிக்கும் என்றார்கள். தனக்குப் பார்வை இல்லை, கணினி கேள்வியைப் படித்துச் சொல்லும், அந்தச் சத்தம் அறையில் கேட்கும் என்று மாற்றுத்திறனாளிகள் உதவி மையத்துக்கு முன்கூட்டியே எழுதினாள். 'தங்கள் கோரிக்கை பரிவுடன் ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது. பரிவு என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உள்ளே ஏதோ இடித்தது. அந்தச் சொல் வந்த இடத்தில் வேலை நடந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

தேர்வு முடிந்து சில வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கணினி 'படம்' என்றது. சட்டையில் மாவு வாசனையோடு கணவர் வந்து படித்தார்.

"‘தேர்வு நேரம் முழுவதும் மாணவியின் பார்வை திரையில் பதியவில்லை. முகம் அடிக்கடி கூரையை நோக்கித் திரும்பியிருந்தது. அறையில் இரண்டாவது நபரின் குரல் இடைவிடாமல் கேட்டது. இவை முறைகேட்டின் அறிகுறிகள் என மென்பொருள் தெரிவிப்பதால், மாணவி விசாரணைக் குழுவின் முன் நேரில்...’" அவர் நிறுத்தினார். "என்ன இது, பார்க்கலைங்கிறதுக்காகவா?"

"ஆமா. நான் திரையப் பாத்திருந்தாத்தான் ஊரைக் கூட்டியிருக்கணும்" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

உதவி மையத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். எடுத்தவர் மைய ஒருங்கிணைப்பாளர். அவருக்கு அவள் ஏற்கெனவே தேன்குரல் என்று பெயர் வைத்திருந்தாள். எதைக் கேட்டாலும் உருகி ஒழுகுகிற குரல்; போனை வைத்த பிறகு காதைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

"மேடம், உங்களுக்குக் கொடுத்த அனுமதி எங்க மையத்துல பத்திரமா இருக்கு. தேர்வு நடத்துறது வேற பிரிவு. அவங்க வாங்கின மென்பொருளுக்கு நாங்க எப்படிச் சொல்ல முடியும்?"

"மென்பொருளுக்குச் சொல்ல வேணாம். அந்தப் பிரிவுல மனுஷங்க யாராவது இருக்காங்களான்னு பாத்து அவங்களுக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம் மேடம்" என்று உருகினார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வந்து வருத்தம் தெரிவிச்சு ஒரு கையெழுத்து போட்டுடுங்க. மனிதாபிமான அடிப்படையில விட்டுடுவாங்க. உங்கள மாதிரி இருக்கறவங்கள யாரு மேடம் தண்டிப்பாங்க?"

கணவருக்கும் அதுவே சரி என்று பட்டது. "போட்டுட்டு வந்துடேன். ஒரு தாள்தானே?"

"நீங்க சிவப்பு விளக்குல போனீங்கன்னு போலீஸ் எழுதிக் குடுத்தா, போகாமலே கையெழுத்து போட்டுடுவீங்களா?"

"ரெண்டு தடவ போட்டிருக்கேன்" என்றார் அவர், வெட்கமே இல்லாமல்.

அன்று அவருக்கும் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. இரவு வரை அவள் பேசவில்லை.

விசாரணை நிர்வாகக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில். கணவர் அவளை மேலே விட்டுவிட்டு வேனுக்குத் திரும்பினார். தரையோடு ஆணியடித்த நாற்காலி வரிசை, ஃபைல் தூசி வாசனை, எங்கேயோ கடகடவென்று ஒரு மின்விசிறி. வாசலில் இருந்த அலுவலக உதவியாளர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டி, "உள்ள போறப்போ செல்போன இதுல போட்டுடணும்மா. விசாரணை நடக்கற ரூம்ல எந்தக் கருவியும் கூடாது" என்றார்.

கதவு திறந்து ஒருவர் வெளியே வந்தார். "போட்டாச்சா கையெழுத்து? கெட்டிக்காரன்!" என்று உதவியாளர் கத்தி, அவர் போனை எடுத்துக் கொடுத்தார். வந்தவர் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பையைத் திறந்தார். பிறகு ஏதோ சொன்னார். வார்த்தைகள் முனை மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. காலங்காத்தாலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள்.

அவர் நிதானமாக மறுபடி சொன்னார். "எனக்குக் காது கேக்காதுங்க. நீங்க பேசினா இந்தப் போன்ல எழுத்தா வரும். நீங்களும் விசாரணைக்கா?"

முகம் சூடானது. தன் கதையைச் சொன்னாள். அவர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறார். பட்டம் வந்தால் அச்சகத்தில் மேற்பார்வையாளர் ஆகலாம். பாட வீடியோக்களுக்குக் கீழே எழுத்து தானாக ஓடும் என்றார்களாம்.

"ஓடுது. மூலதனம்னு அவர் சொல்றார், ‘மூலம் தினம்’னு ஓடுது. ஒரு பருவம் முழுக்க எங்க வாத்தியாருக்குத் தினமும் மூலம்" என்றார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தேர்வில் ஒரு பகுதி ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதுவது. எழுத்து வடிவம் கேட்டு எழுதியிருந்தார், கிடைக்கவில்லை. போனைக் கணினிப் பக்கத்தில் வைத்து, அது எழுதியதைப் படித்து விடை எழுதினார். தேர்வு நேரத்தில் செல்போன் பார்த்தார் என்று குற்றச்சாட்டு.

"அதுக்கா வருத்தம் தெரிவிச்சுக் கையெழுத்து போட்டீங்க?"

"போட்டேன். முடிஞ்சுது."

அவளுக்குள் ஜட்ஜம்மா எழுந்து உட்கார்ந்தாள். "செய்யாத தப்புக்குக் கையெழுத்து போட்டா, அடுத்து வர்றவங்களுக்கும் சேத்துல்ல நீங்க போட்டுட்டு வந்திருக்கீங்க? உங்கள மாதிரி ஆளுங்க இருக்கற வரைக்கும் அவங்களுக்கு என்ன கவலை? கூப்பிட்டா வந்து அடி வாங்க முதுகக் காட்டுவீங்க."

போன் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்க வேண்டும். பையின் ஜிப் மூடியது. காலடிச் சத்தம் படிக்கட்டுப் பக்கம் போனது.

உள்ளே அவளை அழைத்தார்கள். போனை டப்பாவில் போட்டாள். அறையில் மூன்று குரல்கள். குழுத் தலைவர், தொண்டையைச் செருமிச் செருமிப் பேசுகிறவர். தேன்குரல். மூன்றாவது குரல் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது அவளுக்கு நெஞ்சு துள்ளியது: நிர்வாகச் சட்டப் பேராசிரியை. அப்பாடா, இனிக் கவலை இல்லை என்று நினைத்தாள்.

"வீடியோவப் போடறோம், நீங்களே பாருங்க" என்றார் தலைவர்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது என்னவென்று அவருக்கே உறைக்கவில்லை.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சார். நான் என்ன செய்யறேன்?"

"கூரையப் பாத்துக்கிட்டிருக்கீங்க. ரொம்ப நேரமா."

"கூரையில விடை எழுதியிருந்துச்சா?"

செருமல். "அது எங்களுக்குத் தெரியாது. மென்பொருள் சொல்றத நாங்க ஒதுக்க முடியாது இல்லையா? இந்த இன்னொரு குரல் யாரோடது?"

"கணினியோடது. அது கேள்வியப் படிக்கலன்னா என்ன கேட்டிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இத முன்கூட்டியே எழுதிக் குடுத்து அனுமதி வாங்கியிருக்கேன். இதோ உக்காந்திருக்காரே, இவர்தான் பரிவோட குடுத்தார்."

"குடுத்தோம் சார், குடுத்தோம்" என்றது தேன்குரல், யாருக்கும் வலிக்காமல்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. நாங்க உங்களத் தண்டிக்க உக்காரல" என்றார் தலைவர். "உங்க நிலைமைய மனசுல வெச்சு மன்னிச்சு விடறதுன்னு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டோம். இதுல ஒரு கையெழுத்து போட்டா போதும்."

தாள் அவள் விரலில் இடித்தது.

"படிச்சுக் காட்டுங்க சார்."

அவர் படித்தார். "‘தேர்வு நேரத்தில் திரையைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தமைக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி அவ்வாறு செய்ய மாட்டேன் என...’"

"அந்தக் கடைசி வரி சரியாக் கேக்கல. இன்னொரு தடவ."

"‘இனி அவ்வாறு செய்ய மாட்டேன்...’" குரல் தேய்ந்தது. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"கண்ணு தெரியாதவ திரையப் பாக்காததுக்காக விசாரிச்சோம்னு உங்க குறிப்புல எழுதுங்க. கையெழுத்து போட மறுத்துட்டான்னும் எழுதுங்க."

தலைவருக்குப் பொறுமை போயிற்று. "இதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தார். அவரும் உங்கள மாதிரி ஒரு குறையுள்ளவர்தான். எவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டார் தெரியுமா? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினார், கையெழுத்து போட்டார், போயிட்டார்."

சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினார். அவள் கை மேசை விளிம்பைப் பிடித்தது. வாசலில் டப்பா. அதில் போன். போன் இல்லாமல் அந்த மனிதர் சற்று முன் இந்த அறையில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"சார், அவருக்குக் காது கேக்காது. போன வெளியிலயே வாங்கிட்டீங்க. நீங்க பேசின எதுவும் அவருக்குப் போயிருக்காது."

"தலையாட்டினாரேம்மா" என்றார் தலைவர், நிஜமாகவே குழம்பி.

அவள் முகத்தைப் பேராசிரியையின் பக்கம் திருப்பினாள். "மேடம், இது நீங்க எங்களுக்கு நடத்தின பாடம். அவர் தரப்பக் கேக்கவே இல்ல."

வளையல் சத்தம். பிறகு அந்த அருமையான குரல் தெளிவாக, வகுப்பில் பேசுகிற அதே நிதானத்தில் சொன்னது: "அவரோட விஷயம் முடிஞ்சுபோச்சும்மா. இப்ப நாம உங்க விஷயத்த மட்டும் பேசலாம்."

அவ்வளவுதான். பாத்திரம் கழுவும்போது போட்டுக் கேட்க இனி ஒன்றும் இல்லை.

வேனில் ஏறியதும், "போட்டியா?" என்று கணவர் கேட்டார். "இல்ல" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒருத்தர அநியாயமாத் திட்டிட்டேங்க" என்றாள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி முழுவதையும் கேட்டார். "நீ திட்டினது அவருக்குத்தான் நல்லாப் புரிஞ்சிருக்கும். எழுத்துல வந்திருக்கும்ல?" என்றார். அது ஆறுதலாகச் சொன்னதா, இடித்துச் சொன்னதா என்று அந்த ஒரு தடவை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முடிவு மின்னஞ்சலில் வந்தது. தொழில்நுட்பக் காரணங்களால் குற்றச்சாட்டு கைவிடப்படுகிறதாம். மாணவி இனி கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறாராம். எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. அச்சகக்காரரின் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதினாள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால் மறுபரிசீலனைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. தான் கத்திவிட்டுத் தப்பித்துக்கொண்டதும், கத்த முடியாதவர் மாட்டிக்கொண்டதும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தன.

அடுத்த விடுமுறை நாளில் கணவரோடு டிப்போவுக்குப் பின்னால் போய் அச்சகத்தைக் கண்டுபிடித்தாள். உள்ளே மெஷின்கள் போட்ட இரைச்சலில் காது அடைத்தது. கணவர் கத்திப் பேசினார். அங்கே இரைச்சலால் தொந்தரவில்லாத ஒரே ஆள் அச்சகக்காரர்தான். அவள் பேசினால் அவர் போனில் எதுவும் சரியாக விழாது. தன் போனில் தட்டச்சு செய்து நீட்டினாள்: ‘நான் அன்னைக்குப் பேசினது தப்பு. உங்க போன வெளியில வாங்கிட்டாங்க, உள்ள உங்களுக்கு எதுவும் புரியலைங்கறது எனக்கு அப்ப தெரியாது.’

அவர் படிக்க நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மெஷினை நிறுத்தினார்.

"தெரியலன்னா கேட்டிருக்கலாம்" என்றார்.

வாரியத்துக்கு வருகிற அத்தனை புகாரிலும் அவளை இப்படி யாரும் மடக்கியதில்லை.

அவரே தொடர்ந்தார். முக்கால்வாசி புரிந்தது; புரியாததை அவள் திரும்பக் கேட்டாள், அவர் சலிக்காமல் சொன்னார். "தாளப் படிச்சேங்க, படிக்கத் தெரியும். ஆனா அவங்க வாய் அசையுது. சிரிக்கறாங்க. பேனாவ நீட்டறாங்க. என்ன சொல்றாங்கன்னே தெரியாம எத எதுத்துப் பேசறது? நான் வாயத் திறந்தாலே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க."

மேற்பார்வையாளர் வேலை இந்த வருடம் இன்னொருவருக்குப் போய்விட்டது. விசாரணையில் சிக்கியவருக்கு எப்படித் தருவது என்றாராம் முதலாளி.

அவள் மனு எழுதினாள். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு வாங்கிய கையெழுத்து செல்லாது என்று, அந்தப் பேராசிரியையின் வகுப்பிலிருந்தே வாதத்தை எடுத்து, வரிக்கு வரி அவர் சொற்களிலேயே எழுதினாள். பதில் வர வேண்டிய தேதிக்குள் வராததால் இன்னொன்று எழுதினாள். நகலைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே இருந்தவர்களுக்கு அனுப்பினாள். மறு விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். சக மாணவர் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்று விதியில் இருந்தது.

படியேறும் முன் அச்சகக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். "உள்ள நீங்க பேசக் கூடாது. நான் பேசறேன்."

"அவங்களுக்குப் புரியலன்னா?"

"புரியற வரைக்கும் சொல்றேன்."

இந்த முறை போன் மேசை மேல் இருந்தது. தலைவர் குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகக் கத்தினார். அச்சகக்காரர் போனைப் படித்துவிட்டுப் பேசினார். "கேள்வி சத்தமா இருந்துச்சு. எழுத்தா வேணும்னு கேட்டேன். தரல. நானே எழுத்தாக்கிக்கிட்டேன். இதுல நான் எங்க காப்பி அடிச்சேன்?"

"என்ன சொல்றார்?" என்று தலைவர் அவளைக் கேட்டார்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டாள். "அவரையே கேளுங்க சார்."

அவர் மறுபடி சொன்னார். அவர்களுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். அந்தக் குரலில் கோபம் ஏறவும் இல்லை, கெஞ்சல் இறங்கவும் இல்லை. நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ பேராசிரியை மெதுவாக அதை அப்படியே திருப்பிச் சொன்னார். கடைசியில் தலைவர், ஒப்புதல் கடிதம் ரத்து, அந்தத் தேர்வை எழுத்து வடிவக் கேள்வியோடு மறுபடி எழுதலாம் என்று யாருக்கோ தானம் கொடுப்பது போல அறிவித்தார்.

வெளியே தேன்குரல் ஓடி வந்தது. "ரெண்டு பேரும் ஒரே ஒரு போட்டோ. எங்க மையத்தோட பக்கத்துல போடறோம். மத்தவங்களுக்கு எவ்வளவு ஊக்கமா இருக்கும்!"

அச்சகக்காரர் போனைப் படித்தார். "தேர்வுக்கு எழுத்து குடுங்க, அதப் போட்டோ எடுத்துப் போடுங்க" என்றார். தேன்குரலுக்குப் புரியவில்லை. திருப்பிச் சொல்ல இருவரும் நிற்கவில்லை.

"கையப் பிடிச்சுக்கறீங்களா, வேணாமா?" என்று அவர் கேட்டார். கேட்காமலே அவள் முழங்கையைப் பிடித்து இழுக்கிறவர்களே அதிகம். பிடித்துக்கொண்டாள். இறங்கும்போது போனைப் படிக்க முடியாது என்பதால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பேசினார்கள்.

"தலைவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு? ரத்துன்னு சொன்னாரே, அப்போ?"

அவர் யோசித்தார். "காத்துப் போன பந்து தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"அதான். அமுக்கினா அமுங்கினபடியே இருக்குமே." அடுத்த திருப்பத்தில் அவர் கேட்டார்: "குரல் எப்படி இருந்துச்சு?"

எப்படிச் சொல்வது என்று அவள் தடுமாறினாள். சத்தத்துக்குச் சத்தத்தையே உவமை சொல்லிப் பழக்கம். "மை தீர்ந்துபோன மெஷின்ல தாள் வந்தா எப்படி இருக்கும்?"

"பாதி எழுத்து விழும். மீதிய நாமதான் ஊகிக்கணும்."

"அவ்வளவுதான். அதே குரல்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார், அவளும் சிரித்தாள். வாசலில் வேனோடு காத்திருந்த கணவர், ஜெயித்தீங்களா தோத்தீங்களா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். இருவரும் அதற்குள் பேராசிரியையின் முகம் எப்படி இருந்தது என்ற பேச்சுக்குப் போயிருந்தார்கள்.